திங்கட்கிழமைச் சத்தம்

பட்டம் இல்லாமல் எப்படி கம்ப்யூட்டர் வேலைக்கு வந்தீர்கள் என்று பிற்காலத்தில் பலர் கேட்டிருக்கிறார்கள். "ஆபீஸ்ல ஒரு பரீட்சை வச்சாங்க, எழுதினேன்" என்று சொல்வேன். பொய்யில்லை. ஆனால் அந்தப் பரீட்சை எழுதிய பெண்களில் நான் இரண்டாவது. முதலாவதாக வந்தவளின் நாற்காலியில்தான் நான் போய் உட்கார்ந்தேன்.

அறுபதுகளின் நடுவில் எங்கள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. அவர் மிஷன் பள்ளிக்கூடத்தில் சரித்திர வாத்தியார். நான் பி.யு.சி.யில் கணக்கில் தோற்று, மறுபடி எழுதித் தேறியிருந்த நேரம். பி.எஸ்ஸி. சேர்க்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தது அத்தோடு நின்றுபோனது. தாம்பரம் மார்க்கெட் பக்கம் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. அதில் சேர்ந்து ஹையர் வரை முடித்தேன். பீச் ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் லாரி, பஸ் உதிரிபாகங்கள் விற்கும் ஒரு பெரிய கம்பெனி. அங்கே பஞ்ச் ஆபரேட்டர் வேலை கிடைத்தது.

பஞ்ச் ரூம் என்றால் பெண்கள் மட்டும்தான். ஊர் ஊராக இருந்த டிப்போக்களிலிருந்து தினமும் காகிதங்கள் வரும்: இன்ன சாமான் இத்தனை விற்றது, இத்தனை மிச்சம் என்று. அதைப் பார்த்துப் பார்த்து நாங்கள் தட்டுவோம். தட்டத் தட்ட மிஷின் அட்டையில் ஓட்டை போடும். ஓட்டை போட்ட அட்டைகளைத்தான் கீழ்த்தளத்தில் குளிர்சாதன அறைக்குள் இருந்த கம்ப்யூட்டர் படிக்கும். அத்தனை மிஷின்களும் ஒன்றாக ஓடும்போது தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி இருக்கும். சாயங்காலம் வீட்டுக்கு வந்தபிறகும் அம்மா பேசுவது எனக்குத் தூரத்தில் கேட்கும்.

எனக்குப் பக்கத்து மிஷினில் ஒரு திருநீர்மலைப் பெண். மலையடிவாரத்தில் வீடு, ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற நிலம். எஸ்.எஸ்.எல்.சி.யில் கணக்கில் பள்ளிக்கூடத்திலேயே முதல். அதற்குமேல் அனுப்பவில்லை. காலையில் பஸ் பிடித்துப் பல்லாவரம் ஸ்டேஷனுக்கு வருவாள். நான் தாம்பரத்திலேயே ஏறி, லேடீஸ் கம்பார்ட்மெண்டில் ஜன்னலோரத்தில் பையை வைத்து இடம் பிடித்திருப்பேன். அவள் ஏறியதும் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துவிட்டு, "சொல்லு" என்பாள். அவ்வளவுதான். அங்கே தொடங்கினால் பீச் வரை பேச்சு.

அவளுக்கு ஒரு பழக்கம். பக்கத்திலிருக்கும் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி முனகிக்கொண்டே தட்டுவாள். பாட்டு என்று சொல்ல முடியாது, வெறும் "ம்ம்ம்" தான். ஆனால் அவளுடைய கை அந்த முனகலோடு சேர்ந்து ஓடும். பிழை விழுவது அபூர்வம்.

ஒருநாள் கம்ப்யூட்டர் பிரிவின் தலைவர் மேலே எங்கள் அறைக்கு வந்தார். அவர் கீழ்த்தளத்தைவிட்டு வெளியே வந்து நாங்கள் பார்த்ததே இல்லை. ப்ரோக்ராம் எழுத ஆள் வேண்டும், பரீட்சை வைக்கப்போகிறோம், இந்த ஆபீஸில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றார்.

யாரோ, "டிகிரி இல்லாதவங்க எழுதலாமா சார்?" என்று கேட்டார்கள்.

"இந்த வேலைக்குன்னு டிகிரி இந்த ஊர்ல எந்த காலேஜும் இன்னும் குடுக்கலைம்மா. எனக்கும் கிடையாது. நான் படிச்சது தாவரவியல்."

பரீட்சையில் பாடம் எதுவும் இல்லை. எண்களை வரிசையாகக் கொடுத்து அடுத்த எண் என்ன என்று கேட்டார்கள். படங்களைக் கொடுத்து எது பொருந்தவில்லை என்று கேட்டார்கள். அக்கவுண்ட்ஸிலிருந்து பி.காம்.கள், ஸ்டோர்ஸிலிருந்து ஒரு எம்.ஏ. என்று நிறையப் பேர் எழுதினோம். சில ஆண்களை எடுத்தார்கள். பஞ்ச் ரூமிலிருந்து ஒரே ஒரு இடம். அது அவளுக்குப் போனது.

அன்று ரயிலில் அவளால் உட்காரவே முடியவில்லை. பல்லாவரத்தில் இறங்கவேண்டியவள் இறங்காமல் தாம்பரம் வரை வந்து, எங்கள் வீட்டில் அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அப்பாவுக்குப் பேச்சு குழறும். வலது கை எழாது. இடது கையைத் தூக்கி அவள் தலையில் வைத்தார்.

*

ப்ரோக்ராம் என்றால் என்ன என்று அவள் எனக்கு ரயிலிலேயே விளக்கினாள். "நம்ம வேலைக்காரம்மாவுக்குச் சொல்ற மாதிரி. ஒண்ணு விடாம சொல்லணும். கதவைத் திற, உள்ள போ, பெருக்குன்னு. கதவைத் திறன்னு சொல்ல மறந்தா கதவுல முட்டிக்கிட்டே நிக்கும்."

பயிற்சி முடிந்ததும் அவளுக்குக் கொடுத்த முதல் வேலை, எந்த டிப்போவில் எந்த சாமான் தீரப்போகிறது என்று வாரம் ஒருமுறை கண்டுபிடித்துச் சொல்லும் ப்ரோக்ராம். பென்சிலால் கட்டம் போட்ட தாள்களில் எழுதினாள். எழுதியதை அட்டையில் ஏற்ற பஞ்ச் ரூமுக்கு அனுப்பவேண்டும். தாள்களைத் தானே தூக்கிக்கொண்டு மாடிக்கு வந்து, "நீதான் அடிக்கணும், வேற யார்கிட்டயும் குடுக்காதே" என்றாள்.

ப்ரோக்ராமில் ஒவ்வொரு பகுதிக்கும் ஆறு எழுத்துக்குள் ஆங்கிலத்தில் ஒரு பெயர் வைக்கவேண்டும், மிஷின் எங்கே தாவவேண்டும் என்று சொல்வதற்காக. மற்றவர்கள் எல்லோரும் ஸ்டார்ட், ரீட், பிரிண்ட் என்று வைப்பார்கள். அவள் எங்கள் ரயில் பாதையையே வைத்திருந்தாள். பீச்சில் தொடங்குகிறது. எழும்பூரில் அட்டையைப் படிக்கிறது. மாம்பலத்தில் கணக்கைக் கழிக்கிறது. இன்னும் அட்டை இருந்தால் கிண்டியிலிருந்து திரும்பி எழும்பூருக்குத் தாவு. எல்லாம் முடிந்தால் தாம்பரம், நில். நான் தட்டிக்கொண்டே சிரித்தேன். நடுவில் ஒரு இடம் வந்தது. ஓட்டை தவறாக விழுந்த அட்டை, கிழிந்த அட்டை, மிஷினுக்குப் புரியாத அட்டை எல்லாவற்றையும் தனியாக ஒரு பெட்டியில் தள்ளும் பகுதி. அதற்கு, காசநோய் ஆஸ்பத்திரி இருக்கும் சானடோரியம் ஸ்டேஷனின் பெயர்.

"ஏண்டி இப்படி வச்சே?" என்று கேட்டேன்.

"பின்னே? உடம்பு சரியில்லாததுங்கள்லாம் அங்கதானே இறங்கும்."

கீழே கம்ப்யூட்டரை ஓட்டிய ஆபரேட்டர் அண்ணா சைதாப்பேட்டைக்காரர். பெரிய உடம்பு, சின்னக் குரல். கிரிக்கெட் வர்ணனை கேட்பதற்காக ஒருநாள் ஒரு டிரான்சிஸ்டரைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரின் மேல் வைத்திருக்கிறார். வர்ணனை வரவில்லை, ஒரே கரகரப்பு. மிஷின் நின்றால் கரகரப்பும் நிற்கிறது, ஓடினால் வருகிறது. கவனித்துக் கேட்டால் ஒவ்வொரு ப்ரோக்ராமுக்கும் ஒரு சத்தம். அன்றிலிருந்து ரேடியோ அங்கேயே குடியேறிவிட்டது. மிஷின் எங்கேயாவது மாட்டிக்கொண்டு சுற்றினால் முதலில் ரேடியோவில் தெரியும் என்பார்.

அவள் என்னைச் சாப்பாட்டு நேரத்தில் கீழே கூட்டிக்கொண்டுபோனாள். குளிர்சாதன அறைக்குள் நான் நுழைந்தது அதுதான் முதல் தடவை. செருப்பைக் கழற்றவேண்டும். தரை சில்லென்றிருந்தது. வெளியே சித்திரை வெயில், உள்ளே எல்லோரும் ஸ்வெட்டர் போட்டிருந்தார்கள்.

"உன் ஃப்ரெண்டு பாடறது கேக்கறியாமா?" என்று ஆபரேட்டர் அண்ணா அட்டைக் கட்டை வைத்து பொத்தானை அழுத்தினார்.

முதலில் கனமாக ஒரு ரீங்காரம். பிறகு இரண்டு படி ஏறி ஒரு படி இறங்குகிற மாதிரி, திரும்பத் திரும்ப, ம்ம்ம் என்று. அவளைத் திரும்பிப் பார்த்தேன். பஞ்ச் ரூமில் பக்கத்து மிஷினில் இத்தனை நாள் கேட்டதேதான். அவளுக்கு அது தெரியவில்லை. "என்னடி அப்படிப் பார்க்கறே?" என்றாள்.

*

அந்த மழைக்காலத்தில் அவளுக்குச் சாயங்காலக் காய்ச்சல் வர ஆரம்பித்தது. ஏ.சி. ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். ரயிலில் இருமும்போது தலைப்பை வாயில் வைத்துக்கொள்வாள். தை பிறந்த பிறகு எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்புறம் ஆபீஸுக்கு வரவில்லை. சானடோரியத்தில் சேர்த்துவிட்டார்கள் என்று அவள் அண்ணன் வந்து சொன்னார்.

ஆபீஸில் அவள் மேஜையை பினாயில் போட்டுத் துடைத்தார்கள். அவள் டீ குடிக்கிற கண்ணாடி தம்ளரை ஒரு ப்யூன் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டுபோனதை நான் பார்த்தேன். அடுத்த வாரம் பிரிவுத் தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"அவங்க வர்ற வரைக்கும் நீங்க பாருங்கம்மா. பரீட்சையில அடுத்த பேர் உங்களதுதான்."

வீட்டில் அம்மா ஒரே வார்த்தையில், "வேண்டாம்" என்றாள். அதே அறை, அதே நாற்காலி என்று அவளுக்குப் பயம். என்னையும் எக்ஸ்ரே எடுக்கவைத்து, ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் விட்டாள். உட்கார்ந்த முதல் நாள் எனக்குத் தொண்டை கரகரத்தது. இருமினேன். அந்த அறையில் இருந்த அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. அதன் பிறகு பல மாதம் இருமல் வந்தால் விழுங்கிவிடுவேன். கண்ணில் தண்ணீர் வரும், சத்தம் வராது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் அவளைப் பார்க்கப் போவேன். மரங்களுக்கு நடுவில் நீளமான வார்டு. எல்லா ஜன்னலும் திறந்திருக்கும். நல்ல காற்று. கட்டிலிலிருந்து சற்றுத் தள்ளித்தான் ஸ்டூல் போடுவார்கள். முதல் தடவை அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தியா, என்னையே தனிப் பெட்டியில தள்ளிடுச்சு."

நான் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து அவளும் நிறுத்திக்கொண்டாள்.

ஒவ்வொரு வாரமும் என்ன வேலை கொடுத்தார்கள், எங்கே மாட்டினேன் என்று கேட்பாள். நான் சொல்லுவேன். மிஷினின் நினைவிடம் மிகச் சின்னது. எழுதியதைச் சுருக்கிச் சுருக்கி அதற்குள் அடைக்கவேண்டும். அட்டைக் கட்டு ஒருமுறை கைதவறி மாடிப்படியில் கொட்டி, உட்கார்ந்து அடுக்கினேன். அதிலிருந்து கட்டின் மேல்விளிம்பில் பேனாவால் குறுக்கே ஒரு சாய்கோடு போட்டுக்கொள்வேன், வரிசை தப்பினால் தெரியும். கேட்டிற்கு வெளியே யூனியன்காரர்கள் மிஷின் வந்தால் வேலை போகும் என்று கூட்டம் போட்டார்கள். மாடியிலிருந்த என் பழைய தோழிகள் சிலர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்கள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கடைசியில், "திங்கட்கிழமை ஓடுச்சா?" என்பாள். அவளுடைய ப்ரோக்ராம் திங்கட்கிழமை காலைகளில் ஓடும்.

"ஓடுச்சு. ஒரு தப்பும் இல்ல."

"ரேடியோவுல கேட்டியா?"

"கேட்டேன்."

அவள் அம்மா வாசலில் உட்கார்ந்திருப்பார். திருநீர்மலையிலிருந்து பஸ் மாறி, தூக்குச் சட்டியில் முட்டையும் கஞ்சியும் கொண்டுவருவார். வார்டுக்குள் நான் பேசிமுடித்து வெளியே வரும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தக் குளுரு ரூம்புலதான் நீயும் குந்திகினு கீறியா கண்ணு?" என்று கேட்பார். ஆமாம் என்றால் என்னை மேலும் கீழும் பார்ப்பார். கோபம் இல்லை அந்தப் பார்வையில். நான் எவ்வளவு இளைத்திருக்கிறேன் என்று அளப்பதுபோல இருக்கும்.

அவளுக்கு உடம்பு தேறிவந்தது. எடை ஏறியது. இன்னும் கொஞ்ச நாளில் வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். ஐப்பசியில் ஒரு வாரம் விடாத மழை. ஞாயிற்றுக்கிழமை என்னால் போக முடியவில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் அவள் அண்ணன் நனைந்துகொண்டே சைக்கிளில் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை.

"ரத்த வாந்தி எடுத்துச்சும்மா" என்றார். "விடியக்காலைல போயிட்டா."

*

அடுத்த திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். தாம்பரம் விட்டால் அடுத்த ஸ்டேஷன் சானடோரியம். ரயில் நின்றது, கிளம்பியது. பல்லாவரத்தில் என் பை ஜன்னலோர இடத்திலேயே இருந்தது. ஒரு அம்மாள், "யாராவது வர்றாங்களா?" என்று கேட்டார். பையை எடுத்துக்கொண்டேன்.

ஆபீஸில் என் மேஜைக்கும் மிஷின் இருந்த அறைக்கும் நடுவில் கண்ணாடிச் சுவர். கதவு திறந்திருந்தால் ரேடியோ கேட்கும். அன்று அவளுடைய கட்டு ஓடிக்கொண்டிருந்தது. விளக்குகள் மின்னுவது தெரிந்தது. சத்தம் இல்லை. எழுந்து போனேன்.

"ரேடியோ எங்கேண்ணா?"

"இன்னிக்கு வாணாம்மா."

"வைங்க."

அவர் மேஜை டிராயரிலிருந்து எடுத்து மேலே வைத்தார். இரண்டு படி ஏறி, ஒரு படி இறங்கி, ம்ம்ம். நான் கதவைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை நின்றேன். அது எனக்குத் துக்கமாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். பயமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை நாங்கள் எரித்துவிட்டு வந்தவள், திங்கட்கிழமை ஒன்றும் நடக்காததுபோலத் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தாள்.

ஒரு மாதம் கழித்து அவள் அம்மா ஆபீஸ் வாசலுக்கு வந்தார். அந்த ஊரைவிட்டு இவ்வளவு தூரம் தனியாக வந்தது அதுதான் முதல் தடவையாம். வாட்ச்மேன் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"அவ எழுதி வச்சதை அந்த மிஷினு பாடுதுன்னு எங்கிட்ட சொல்லிகீறா. ஒரு தபா கேட்டுட்டுப் போறேன் கண்ணு" என்றார்.

பிரிவுத் தலைவர், "கூட்டிட்டு வாங்க" என்றார். அன்று திங்கட்கிழமைதான். அம்மாவுக்கு யாரோ நாள் பார்த்துச் சொல்லியிருக்கவேண்டும், அல்லது அவளே சொல்லியிருப்பாள். ஆபரேட்டர் அண்ணா ஒரு நாற்காலி போட்டார். அம்மா அதில் உட்காராமல் தரையில், சுவரோரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். குளிருக்குத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டார். ரேடியோவை அவர் பக்கம் திருப்பி வைத்து அண்ணா பொத்தானை அழுத்தினார்.

கொஞ்ச நேரம் அம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு லேசாகத் தலையாட்டினார். அந்த வாரம் டிப்போக்களிலிருந்து வந்த காகிதங்கள் மழையில் நனைந்திருந்தன. அட்டைகளில் கோளாறு அதிகம். கோளாறான அட்டை வரும்போது அந்த ராகம் அறுந்து, கக் கக் என்று வறட்டுச் சத்தம் ஒன்று வரும். எத்தனையோ தடவை நான் கேட்டிருக்கிறேன். ஒன்றும் நினைத்ததில்லை.

"இன்னும் இருமிகினேகீறாளே" என்றார் அம்மா.

மறுபடி அந்தச் சத்தம் வந்தது. அம்மா எழுந்து என் தோளைப் பிடித்தார்.

"நிறுத்தச் சொல்லு கண்ணு. போதும். நிறுத்தச் சொல்லு."

ஆபரேட்டர் அண்ணா ரேடியோவை அணைத்தார். மிஷினை நிறுத்த முடியாது, பாதி ஓட்டத்தில் நிறுத்தினால் எல்லாம் முதலிலிருந்து. விளக்குகள் மின்னிக்கொண்டிருந்தன. அம்மா அதைப் பார்த்தார்.

"அது இன்னும் ஓடுதில்ல?"

"ஆமாம்மா."

"இனிமேலும் ஓடுமா?"

"வாரா வாரம் ஓடும்."

அவரைப் பீச் ஸ்டேஷன் வரை கூடப்போய் ரயிலேற்றிவிட்டேன். திரும்பி வந்து அவள் எழுதிய தாள்களை எடுத்துப் பார்த்தேன். அந்த வறட்டுச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கு ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் பார்த்தேன். கோளாறான அட்டையைத் தள்ளும் பகுதி. நானே தட்டிய அட்டைகள். சானடோரியம்.

*

ஆறேழு வருஷம் அது ஓடியது. நான் அதற்குள் வேறு எத்தனையோ எழுதினேன். என்னுடையவை உடைந்தன, திருத்தினேன், மறுபடி உடைந்தன. அவளுடையது உடையவே இல்லை. புதிதாக எம்.எஸ்ஸி. படித்த பையன்கள் வந்தார்கள், நல்ல பையன்கள். பதவி உயர்வு வரும்போது அவர்கள் மேலே போனார்கள். என் படிப்பு என்ன என்ற இடத்தில் பி.யு.சி. என்று இருந்ததால் நான் இருந்த இடத்தில் இருந்தேன். பெண் பார்க்க வந்தவர்கள் என்ன வேலை என்று கேட்பார்கள். கம்ப்யூட்டருக்கு ப்ரோக்ராம் எழுதுகிறேன் என்று சொன்னால், "டைப்பிஸ்ட்" என்று தங்களுக்குள் சொல்லிக்கொள்வார்கள். கடைசியில் ஒரு ரயில்வே உத்தியோகஸ்தர் அப்படிச் சொல்லாமல், "அது எப்படிம்மா வேலை செய்யும்?" என்று கேட்டார். அவருக்கே கழுத்தை நீட்டினேன்.

வேலை பிடித்திருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. ஒரு பிழையை இரண்டு நாளாகத் தேடி, ரயிலில் குரோம்பேட்டை தாண்டும்போது அது எங்கே இருக்கிறது என்று சட்டென்று பிடிபடும் சந்தோஷத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை. ஆனால் அந்தச் சந்தோஷம் வரும்போதெல்லாம் இது அவளுக்கு வந்திருக்கவேண்டியது என்று கூடவே ஒரு நினைப்பு வரும். முதுகுக்குப் பின்னால் யாரோ நின்று என் தாளைப் படிக்கிற மாதிரி இருக்கும். திரும்பிப் பார்க்கமாட்டேன்.

அவளுடைய ப்ரோக்ராமை மட்டும் நான் தொடவில்லை. டிப்போக்கள் கூடி, எண்கள் போதாமல் போய், ஒருமுறை தொட்டே ஆகவேண்டியிருந்தது. கூடுதலாக இரண்டு பகுதி சேர்க்கவேண்டும். பெயர் வைக்கவேண்டும். தாம்பரத்துக்கு அப்பால் பெருங்களத்தூர், வண்டலூர் என்று வைத்தேன். வேறு பெயர் எதுவும் கைக்கு வரவில்லை. அடுத்த திங்கட்கிழமை ஓடியபோது பழைய ராகத்தின் முடிவில் புதிதாக ஒரு சின்ன இழுப்பு கேட்டது.

"இன்னாமா, கடைசில நீயும் கூட சேந்து பேசற மாதிரி கீது" என்றார் ஆபரேட்டர் அண்ணா. நல்லதாகத்தான் சொன்னார். எனக்கு உடம்பு கூசியது.

எழுபதுகளின் பின்பாதியில் புது மிஷின் வந்தது. பழைய ப்ரோக்ராம் ஒன்றும் அதில் ஓடாது. எல்லாவற்றையும் வேறு மொழியில் திரும்ப எழுதவேண்டும். வேலையைப் பிரித்தபோது, "இதை நீங்களே எடுத்துக்கங்கம்மா" என்று பிரிவுத் தலைவர் அவளுடைய கட்டை என்னிடம் தந்தார். புது மொழியில் எவ்வளவு நீளமாகவும் பெயர் வைக்கலாம். பல்லாவரம் என்று முழுதாகவே எழுதலாம். நான் எழுதவில்லை. எல்லோரும் வைக்கிற பெயர்களையே வைத்தேன். ஸ்டேஷன் பெயர்களை வைத்தால் அவளைக் கூட்டிக்கொண்டுபோய் இன்னொரு மிஷினுக்குள் பூட்டுகிற மாதிரி இருந்தது.

சில வாரம் இரண்டையும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்தோம். ஒரு எண்கூட மாறவில்லை. கடைசித் திங்கட்கிழமை பழையதை ஓட்டி முடித்தபின் ஆபரேட்டர் அண்ணா என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னொரு தபா போடட்டுமா?"

"வேண்டாண்ணா."

பழைய மிஷினைப் பகுதி பகுதியாகப் பிரித்து லாரியில் ஏற்றினார்கள். புது மிஷின் அறைக்குள் ரேடியோ வைக்க அனுமதி கிடையாது.

அவள் அம்மாவிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது. நிறுத்தச் சொல்லு என்று என் தோளைப் பிடித்துக் கேட்டவர் அவர். ஒரு சனிக்கிழமை மத்தியானம் பல்லாவரத்தில் இறங்கித் திருநீர்மலை பஸ் பிடித்தேன். வீட்டில் அவர் மட்டும் இருந்தார். முடி முழுக்க நரைத்திருந்தது. என்னை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. கண்டுகொண்டதும் வாசலுக்குப் போய் எதிர்வீட்டு அம்மாளைக் கூவிக் கூப்பிட்டார்.

"இதோ, இதுதான் அந்தப் பொண்ணு. எம்பொண்ணு குரலு மெட்ராஸ்ல திங்கக்கிழமை திங்கக்கிழமை கேக்குதுன்னு சொல்வேனே. இந்தப் பொண்ணுதான் காட்டிச்சு."

எதிர்வீட்டு அம்மாள் என்னை மரியாதையோடு பார்த்தார். அவருக்கு இந்தக் கதை பல தடவை கேட்டுப் பழகியது என்று தெரிந்தது. அவர் போன பிறகு மெதுவாகக் கேட்டேன்.

"அம்மா, அன்னைக்கு நீங்க நிறுத்தச் சொன்னீங்களே."

"நானா?" என்றார். "நான் எதுக்கு அப்டி சொல்லப்போறேன்? எம்பொண்ணு இல்ல அது?"

அவர் உண்மையாகவே மறந்துவிட்டிருந்தார். அல்லது அந்த இருமலை எங்கேயோ இறக்கிவைத்துவிட்டு ராகத்தை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்திருந்தார். இத்தனை வருஷமும் இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தது நான்தான்.

இப்போது என்ன சொல்வது? தண்ணீர் கொடுத்தார், குடித்தேன். பிறகு சொல்லிவிட்டேன். பழைய மிஷின் போய்விட்டது, புதிதில் நான் திரும்ப எழுதிவிட்டேன், அந்தச் சத்தம் இனி வராது என்று.

அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"நீ எழுதினதுக்குச் சத்தம் வருமா?"

"இந்த மிஷின்ல யாருக்கும் வராதும்மா."

அழுவார் என்று பயந்தேன்.

"அவ செத்து எத்தினி வருசம் வேலை செஞ்சிகீறா பாரு" என்றார். "போவட்டும். படுக்கட்டும்."

பிறகு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "வா, மலைக்குப் போயிட்டு வரலாம்" என்றார். நான் வேதக்காரி என்று அவருக்குத் தெரியும். "சாமி கும்பிட வேணாம், காத்து வாங்கலாம் வா" என்று கையைப் பிடித்து இழுத்தார். படிகளில் நின்று நின்று ஏறினோம். நான் இருமியபோது அவர் ஒருமுறை நின்று திரும்பி என்னைப் பார்த்தார். படியேறியதில் தொண்டை வறண்டிருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் விழுங்கிக்கொண்டேன்.

மேலே நல்ல காற்று. கீழே ஏரி, வயல், அதற்கப்பால் புதிதாக முளைத்த வீடுகள். மீனம்பாக்கத்துக்கு ஒரு விமானம் தாழ்ந்து இறங்கியது. தூரத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு ரயில் தெற்கே போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு தூரத்தில் அதற்குச் சத்தமே இல்லை.

"உங்க வூடு எந்தப் பக்கம் கண்ணு?" என்று கேட்டார்.

தாம்பரம் இருக்கும் திசையில் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினேன். எல்லாம் ஒரே பச்சையாக இருந்தது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை.